காலக்கெடுவும் நகரமும்: மூன்று விளையாட்டு விழாக்களில் தில்லி

பன்னாட்டுப் பல்விளையாட்டுப் போட்டி என்பது, ஒரே ஓர் ஆட்டத்துக்கான உலகக்கோப்பையைப் போலன்றி, தடகளம், நீச்சல், ஹாக்கி, மல்யுத்தம் எனப் பல ஆட்டங்களை ஒரே நகரத்தில், சில வாரங்களுக்குள் நடத்தி முடிக்கும் விழாவாகும். ஒலிம்பிக், ஆசிய விளையாட்டு, காமன்வெல்த் விளையாட்டு ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. கால்பந்து உலகக்கோப்பையின் சுமை ஒரு நாட்டின் பல நகரங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்படும்போது, பல்விளையாட்டுப் போட்டியின் சுமை முழுவதும் பெரும்பாலும் ஒரு நகரத்தின் தலையிலேயே விழுகிறது. ஆயிரக்கணக்கான வீரர்களுக்கு உறைவிடம், பத்துக்கும் மேற்பட்ட அரங்குகள், அவற்றை இணைக்கும் சாலைகள், பார்வையாளர்களுக்கான போக்குவரத்து, பாதுகாப்பு ஆகிய அனைத்தும், எளிதில் தள்ளிவைக்க இயலாத தொடக்க நாளுக்குள் ஆயத்தமாக வேண்டும்.

இத்தகைய விழாவை நடத்துவதால் ஒரு நகரம் பெறுவது என்ன, இழப்பது என்ன என்ற கேள்வி அரை நூற்றாண்டாகப் பொருளியலாளர்களாலும் நகரத் திட்ட அறிஞர்களாலும் ஆராயப்பட்டு வருகிறது. அக்கேள்வியை ஆராய்வதற்குத் தில்லி மிகவும் பொருத்தமான களமாகும். 1951-இலும் 1982-இலும் ஆசிய விளையாட்டுப் போட்டிகளை நடத்திய அந்நகரம், 2010-இல் காமன்வெல்த் போட்டிகளையும் நடத்தியது. இந்த மூன்று விழாக்களுக்கும் இடையில், ஏறத்தாழ 17 லட்சம் பேர் வாழ்ந்த தில்லி, 1981-இல் 62 லட்சம் பேரும் 2011-இல் 1 கோடியே 67 லட்சம் பேரும் வாழும் பெருநகர்ப் பகுதியாக வளர்ந்தது. ஒரே நகரத்தை மூன்று காலங்களில் வைத்துப் பார்க்கும் இவ்வாய்ப்பு, விழாவின் விளைவு எது, நகரத்தின் இயல்பு எது என்று பிரித்தறிய உதவுகிறது. விளையாட்டு விழா ஒரு நகரத்துக்குத் திட்டத்தைத் தருவதில்லை என்பதும், காலக்கெடு ஒன்றையே அது தருகிறது என்பதும், அந்தக் காலக்கெடு நகரத்தில் ஏற்கெனவே உள்ள நல்ல ஏற்பாட்டையும் தீய வழக்கத்தையும் ஒருசேர விரைவுபடுத்துகிறது என்பதும் இக்கட்டுரை நிறுவ முயலும் முடிவாகும்.

1951: சிக்கனத்தின் விழா

ஆசிய நாடுகளுக்கெனத் தனி விளையாட்டு விழா வேண்டும் என்ற எண்ணத்துக்குச் செயல்வடிவம் கொடுத்தவர் பஞ்சாபைச் சேர்ந்த கல்வியாளரும் ஒலிம்பிக் நிர்வாகியுமான குரு தத் சோந்தி. 1948-இல் லண்டன் ஒலிம்பிக்கின்போது ஆசியப் பிரதிநிதிகளிடையே அவர் முன்வைத்த கருத்தின் தொடர்ச்சியாக, 1949 பிப்ரவரியில் தில்லியில் ஆசிய விளையாட்டுக் கூட்டமைப்பு உருவானது. முதல் போட்டிகளை 1950-இல் நடத்தத் திட்டமிடப்பட்டிருந்தாலும், ஆயத்தங்கள் நிறைவடையாமையால் அவை 1951 மார்ச் 4 முதல் 11 வரை நடைபெற்றன. 11 நாடுகளிலிருந்து 489 வீரர், வீராங்கனையர் பங்கேற்றனர். லண்டன் ஒலிம்பிக்கிற்கு அழைக்கப்படாத ஜப்பான் இவ்விழாவில் இடம்பெற்றதோடு, பதக்கப் பட்டியலில் முதலிடமும் பெற்றது. காலனி ஆட்சியிலிருந்து அப்போதுதான் விடுபட்டுக்கொண்டிருந்த கண்டத்தின் ஒன்றுகூடலாக அவ்விழா அமைந்தது.

நாட்டுப் பிரிவினைக்குப் பின் ஏறத்தாழ ஐந்து லட்சம் அகதிகள் குடியேறியிருந்த தில்லி, அப்போது புதிய அரங்குகளைக் கட்டும் நிலையில் இல்லை. எனவே பாவ்நகர் மன்னரின் கொடையால் 1933-இல் கட்டப்பட்ட இர்வின் அரங்கமே சீரமைக்கப்பட்டு, தேசிய அரங்கம் என்ற பெயருடன் முதன்மைக் களமாக்கப்பட்டது. இன்று அது மேஜர் தியான் சந்த் பெயரைத் தாங்கி நிற்கிறது. நீச்சலில் சச்சின் நாக் வென்ற தங்கமும், சைலன் மன்னா தலைமையிலான கால்பந்து அணி ஈரானை 1–0 என வென்றதும் விளையாட்டு வரலாற்றில் இடம்பெற்றன. நகரத்தின் வரலாற்றிலோ அவ்விழா பெரிய தடம் எதையும் விட்டுச்செல்லவில்லை. கடனையும் இடப்பெயர்வையும்கூட அது விட்டுச்செல்லவில்லை. இருப்பதைக் கொண்டு நடத்துவது என்ற கொள்கை, வறுமையின் கட்டாயத்தால் அன்று பின்பற்றப்பட்டது. அறுபது ஆண்டுகளுக்குப் பின் உலகச் செல்வ நகரங்கள் அதையே விரும்பி ஏற்கத் தொடங்கின என்பது பின்னர் விளக்கப்படும்.

1982: கட்டுமானத்தின் விழா

1982 நவம்பர் 19 முதல் டிசம்பர் 4 வரை நடந்த ஒன்பதாவது ஆசிய விளையாட்டுப் போட்டி முற்றிலும் வேறு இயல்புடையது. 33 நாடுகளிலிருந்து 3,400-க்கும் மேற்பட்டோர் கலந்துகொண்ட அவ்விழாவுக்கான பணிகள், 1980 ஜனவரியில் இந்திரா காந்தி மீண்டும் பிரதமரான பின்னரே வேகம் பெற்றன. அதனால் ஜவாஹர்லால் நேரு அரங்கமும் இந்திரா காந்தி உள்ளரங்கமும் தால்கட்டோரா நீச்சல் குளமும் மேம்பாலங்களும் விடுதிகளும் மிகக் குறுகிய காலத்தில் எழுப்பப்பட வேண்டியிருந்தன. வண்ணத் தொலைக்காட்சி ஒளிபரப்பு அதே ஆண்டில் இந்தியாவில் தொடங்கியதும், அப்பு என்னும் யானைக்குட்டிச் சின்னம் நாடெங்கும் வீடுகளுக்குள் நுழைந்ததும், ஆசியாட் என்ற சொல் எல்லா மொழிகளிலும் பரவியதும் இவ்விழாவின் பண்பாட்டு விளைவுகள். ஆசிய ஒலிம்பிக் கவுன்சில் என்னும் அமைப்பு உருவானதும் இதே வேளையில் தில்லியில்தான்.

நகர அமைப்பு என்ற கோணத்தில் இவ்விழாவின் மிகச் சிறந்த விளைபொருள், கட்டடக் கலைஞர் ராஜ் ரேவல் வடிவமைத்த விளையாட்டுக் கிராமமாகும். விளையாட்டுக் கிராமம் என்பது போட்டி நடக்கும் நாள்களில் வீரர்கள் ஒன்றாகத் தங்கும் குடியிருப்பு. போட்டி முடிந்தபின் அது நகர மக்களுக்கு வீடுகளாகப் பயன்பட வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. சிரிக் கோட்டையின் இடிபாடுகளுக்கு அருகே ஏறத்தாழ 700 வீடுகளைக் கொண்ட அக்குடியிருப்பில், ராஜஸ்தானத்துப் பழைய நகரங்களின் குறுகிய தெருக்களையும் நிழல் முற்றங்களையும் அடியொற்றி, ஊர்தி செல்லும் வழியும் மக்கள் நடக்கும் வழியும் தனித்தனியே பிரிக்கப்பட்டன. ஆயினும் அவ்வீடுகள், நகரின் வீட்டுப் பஞ்சத்தால் வாடிய உழைக்கும் மக்களுக்கு எட்டவில்லை. வடிவமைப்பில் சிறந்த ஒரு குடியிருப்பு, பங்கீட்டில் தோற்றது என்றே கூற வேண்டும்.

அந்த அரங்குகளையும் மேம்பாலங்களையும் கட்டியவர்கள் பல மாநிலங்களின் சிற்றூர்களிலிருந்து அழைத்துவரப்பட்டவர்கள். அவர்களுடைய நிலையை மூன்று சமூக அறிவியலாளர்கள் நேரில் ஆய்ந்து எழுதிய அறிக்கையை இணைத்து, ஜனநாயக உரிமைகளுக்கான மக்கள் ஒன்றியம் என்னும் அமைப்பு நீதிபதி பி.என். பகவதிக்கு எழுதிய மடல், உச்ச நீதிமன்றத்தில் மனுவாகவே ஏற்கப்பட்டது. அன்றைய குறைந்தபட்சக் கூலி நாளொன்றுக்கு 9 ரூபாய் 25 காசு. ஜமாதார் எனப்பட்ட இடைத்தரகர்கள், அதாவது தமிழ்நாட்டு வழக்கில் மேஸ்திரிகள், ஆள் ஒன்றுக்கு ஒரு ரூபாய் வீதம் பிடித்துக்கொண்டனர் என்பதும், பெண்களுக்கு 7 ரூபாய் மட்டுமே கிடைத்தது என்பதும், பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகள் வேலையில் அமர்த்தப்பட்டனர் என்பதும் மனுவின் குற்றச்சாட்டுகள். போட்டிகள் தொடங்க இரண்டு மாதங்களே இருந்த நிலையில், 1982 செப்டம்பர் 18 அன்று வழங்கப்பட்ட தீர்ப்பு, சட்டம் வகுத்த குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை வாங்குவது அரசியலமைப்பின் 23-ஆவது பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்று அறிவித்தது. சாட்டையும் விலங்கும் மட்டுமே கட்டாயம் அல்ல, பசியும் வேறு வழியின்மையும்கூட ஒருவரைக் கட்டாயப்படுத்தும் ஆற்றல்களே என்பது அத்தீர்ப்பின் சாரம். பாதிக்கப்பட்டவர் நேரில் வர இயலாதபோது அவருக்காகப் பொதுநல நோக்குடைய பிறர் நீதிமன்றத்தை அணுகலாம் என்னும் பொதுநல வழக்கு முறைக்கும் இதுவே உறுதியான அடித்தளங்களுள் ஒன்றாயிற்று. ஆசியாட் விட்டுச்சென்றவற்றுள் கான்கிரீட்டைவிட நெடுநாள் வாழக்கூடியது இத்தீர்ப்பு. அதை விழாவின் ஏற்பாட்டாளர்கள் திட்டமிட்டு உருவாக்கவில்லை, விழாவின் அநீதியை எதிர்த்தவர்கள் உருவாக்கினர்.

2010: அவசரத்தின் விழா

2003 நவம்பரில் ஜமைக்காவின் மான்டிகோ பே நகரில் நடந்த வாக்கெடுப்பில், கனடாவின் ஹாமில்டனை 46–22 என்ற கணக்கில் வென்று தில்லி காமன்வெல்த் போட்டிகளை நடத்தும் உரிமையைப் பெற்றது. ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் கையில் இருந்தன. 2010 அக்டோபர் 3 முதல் 14 வரை நடந்த போட்டிகளில் 71 அணிகள் பங்கேற்றன. இந்தியா 38 தங்கம் உட்பட 101 பதக்கங்களுடன் இரண்டாமிடம் பெற்றது. ஆடுகளத்தில் கிடைத்த இவ்வெற்றியை, நடைமேம்பாலம் சரிந்ததும் ஊழல் குற்றச்சாட்டுகளும் பெரிதும் மறைத்துவிட்டன. ஜவாஹர்லால் நேரு அரங்கத்துக்குச் செல்லும் அந்நடைமேம்பாலம், தொடக்க விழாவுக்கு இரண்டு வாரங்கள்கூட இல்லாதபோது, செப்டம்பர் 21 அன்று இடிந்து விழுந்து தொழிலாளர் பலரைக் காயப்படுத்தியது.

இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2011 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைத்த அறிக்கை, இவ்விழாவைப் பற்றிய மிக முழுமையான ஆவணமாகும். ஒன்றிய, தில்லி அரசுகளும் அவற்றின் முகமைகளும் ஒதுக்கிய தொகை ஏறத்தாழ 18,532 கோடி ரூபாய் என்று அது கணக்கிட்டது; மெட்ரோ ரயிலும் விமான நிலையமும் போன்ற தனி முதலீடுகள் இதில் சேராது. உரிமை கோரும்போது சொல்லப்பட்ட மதிப்பீட்டைவிட இது பன்மடங்கு அதிகம். தொகையின் அளவைக் காட்டிலும் முக்கியமானது, அது பெருகிய விதத்தை அறிக்கை விளக்கிய முறை. உரிமை கிடைத்த பின் முதல் மூன்று ஆண்டுகள் பெரும்பாலும் வீணாயின. யார் பொறுப்பு என்பதே தெளிவாக வரையறுக்கப்படாமல் எண்ணற்ற குழுக்கள் அமைக்கப்பட்டன. இவ்வாறு உருவாக்கப்பட்ட செயற்கை அவசரம், ஒப்பந்தப்புள்ளி விதிகளைத் தளர்த்துவதற்கும் ஒரே நிறுவனத்திடம் போட்டியின்றி வாங்குவதற்கும் காரணமாகக் காட்டப்பட்டது. சாலை விளக்குகள் தேவைக்கு மிஞ்சிய விலையில் வாங்கப்பட்டதையும் தணிக்கை சுட்டிக்காட்டியது. கன்னாட் பிளேஸ் வணிகச் சதுக்கத்தின் சீரமைப்பு போட்டிகளுக்குள் முடியவே இல்லை.

விளையாட்டுக் கிராமத்தின் கதை இன்னும் ஆழ்ந்த முரண்பாட்டைக் காட்டுகிறது. 2004-இல் யமுனையின் கரையோரமான புஷ்தா பகுதியில் பல ஆண்டுகளாகக் குடியிருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களின் வீடுகள், ஆற்றங்கரை ஆக்கிரமிப்பு என்ற காரணத்தால் இடிக்கப்பட்டு, அவர்களில் பலர் நகரின் வடமேற்கு எல்லையிலுள்ள பவானாவுக்கு அனுப்பப்பட்டனர். சில ஆண்டுகளில் அதே ஆற்றின் கிழக்குக் கரையில், அக்ஷர்தாம் கோயிலை அடுத்து, 1,168 அடுக்கக வீடுகள் கொண்ட விளையாட்டுக் கிராமம் எழுந்தது. அது வெள்ளச் சமவெளியில், அதாவது ஆறு பெருகும்போது நீர் பரவுவதற்கான நிலத்தில், அமைகிறது என்று சூழலியலாளர்கள் தொடுத்த வழக்கில், அவ்விடம் ஆற்றுப்படுகையோ வெள்ளச் சமவெளியோ அல்ல என்று 2009 ஜூலையில் உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. தனியார் முதலீட்டில் கட்டப்பட வேண்டிய அக்கிராமம் நிதி நெருக்கடியில் தடுமாறியபோது, தில்லி வளர்ச்சி ஆணையம் 333 வீடுகளை முன்கூட்டியே வாங்கி, 700 கோடி ரூபாய்க்கு மேல் கொடுத்து அத்திட்டத்தைத் தாங்கிப் பிடித்தது. ஏழையின் குடிசை ஆற்றுக்கு ஆபத்து என்று கருதப்பட்ட நகரத்தில், செல்வர்களின் அடுக்ககத்துக்குப் பொதுப்பணம் முட்டுக்கொடுத்தது.

இதே காலத்தில் பெருகிய நற்பயன்களும் உண்டு. தில்லி மெட்ரோவின் இரண்டாம் கட்டத் தடங்களுள் பல போட்டிகளுக்கு முன் திறக்கப்பட்டன; இந்திரா காந்தி பன்னாட்டு விமான நிலையத்தின் மூன்றாம் முனையம் 2010 ஜூலையில் தொடங்கி வைக்கப்பட்டது. ஆனால் இங்கே காரணத்தையும் காரியத்தையும் பிரித்தறிய வேண்டும். மெட்ரோ நிறுவனம் 1995-இலேயே தொடங்கப்பட்டது. அதன் முதல் தடம், போட்டிகளுக்கான வாக்கெடுப்பு நடப்பதற்கு ஏறத்தாழ ஓராண்டு முன்பே, 2002 டிசம்பரில் இயங்கத் தொடங்கிவிட்டது. தெளிவான நிறுவனத் தலைமையும் நெடுநாள் வரைவும் முன்பே இருந்த துறையில், போட்டியின் காலக்கெடு ஊக்கமாக அமைந்தது. அவை இல்லாத சாலை அழகுபடுத்தல், அரங்கச் சீரமைப்பு, கிராமக் கட்டுமானம் ஆகியவற்றில் அதே காலக்கெடு ஊதாரித்தனத்துக்கு வழிவிட்டது. ஒரே நகரம், ஒரே விழா, ஒரே தேதி. விளைவுகள் மட்டும் நேரெதிர். இந்த வேறுபாடே இக்கட்டுரையின் முடிவுக்கு முதன்மையான சான்று.

பிற நகரங்களின் பட்டறிவு

தில்லியில் காணப்படும் இவ்வியல்பு தில்லிக்கு மட்டும் உரியதா என்பதை அறியப் பிற நகரங்களை நோக்குவது அவசியம். 1976-இல் ஒலிம்பிக்கை நடத்திய மான்ட்ரியாலுக்கு, அரங்கக் கட்டுமானத்துக்காகப் பட்ட கடனை அடைத்து முடிக்க 2006 வரை, அதாவது முப்பது ஆண்டுகள் ஆயின. அரங்கின் கூரையே போட்டிகள் முடிந்து பத்தாண்டுகளுக்குப் பிறகுதான் பொருத்தப்பட்டது. இத்தகைய கடன் பற்றிய அச்சத்தின் விளைவாக 1984 போட்டிகளை நடத்த லாஸ் ஏஞ்சலஸ் மட்டுமே இறுதிவரை களத்தில் நின்றது. நகர நிதியைச் செலவிடக் கூடாது என வாக்காளர்கள் விதித்த தடை, போட்டியாளர் இல்லாததால் கிடைத்த பேரம் பேசும் வலிமை, 1932 ஒலிம்பிக்கிற்கே பயன்பட்ட பழைய அரங்கம் ஆகிய மூன்றும் சேர்ந்து, 20 கோடி டாலருக்கு மேல் உபரி ஈட்ட அந்நகருக்கு உதவின. வரலாற்றில் அரிதான இந்த வெற்றி ஒரு தவறான பாடத்தையும் கற்பித்தது: ஒலிம்பிக் இலாபம் தரும் என்று நம்பிய நகரங்கள், லாஸ் ஏஞ்சலஸின் சிக்கனத்தைப் பின்பற்றாமல் அதன் இலாபத்தை மட்டும் எதிர்பார்த்தன.

1992-இல் பார்சலோனா அடைந்தது வேறு வகையான வெற்றி. பிராங்கோவின் ஆட்சிக்காலத்தில் புறக்கணிக்கப்பட்ட அந்நகரம், 1976-இலேயே பெருநகரத் திட்டம் ஒன்றை ஏற்றிருந்தது. ஓரியோல் போஹிகாஸ் போன்ற கட்டடக் கலைஞர்கள் வட்டாரந்தோறும் சதுக்கங்களையும் பூங்காக்களையும் சீர்செய்யும் பணியை ஒலிம்பிக் உரிமை கிடைப்பதற்கு முன்பே தொடங்கியிருந்தனர். மேயர் பஸ்குவால் மரகாலின் காலத்தில் ரயில் தடங்களாலும் தொழிற்சாலைகளாலும் கடலிலிருந்து பிரிக்கப்பட்டிருந்த நகரம் மீண்டும் கடற்கரையோடு இணைக்கப்பட்டது. முதன்மை அரங்கமோ 1929-இல் கட்டப்பட்டதன் சீரமைப்பே. பொதுமுதலீட்டில் விளையாட்டரங்குகளுக்குச் சென்றது சிறு பங்கே. சாலை, கடற்கரை, கழிவுநீர், வீடு ஆகியவற்றுக்கே பெரும்பங்கு சென்றது. ஆயினும் வீட்டு விலை உயர்ந்து எளிய மக்கள் நடுநகரிலிருந்து விலக நேர்ந்ததும், பிற்காலத்தில் சுற்றுலாப் பெருக்கம் அங்கு வாழ்வோரை வருத்தியதும் அவ்வெற்றியின் மறுபக்கம்.

2004-இல் ஏதென்ஸ் புதிய மெட்ரோவையும் விமான நிலையத்தையும் பெற்றாலும், பிற்பயன் திட்டமின்றிக் கட்டப்பட்ட அரங்குகள் பல பூட்டிக் கிடந்து பாழடைந்தன. பராமரிக்கவும் முடியாமல் இடிக்கவும் மனமின்றி நகரங்கள் சுமக்கும் இத்தகைய கட்டுமானங்களே வெள்ளை யானைகள் எனப்படுகின்றன. 2012-இல் லண்டன், தொழிற்கழிவால் மாசுபட்டிருந்த லீ பள்ளத்தாக்கைச் சீர்செய்யும் திட்டத்துக்குள் ஒலிம்பிக்கைப் பொருத்தி, கூடைப்பந்து அரங்கு போன்றவற்றைப் பின்னர் கழற்றி எடுக்கத்தக்க தற்காலிகக் கட்டுமானங்களாக அமைத்தது. 2016-இல் ரியோ டி ஜெனிரோவில், ஒலிம்பிக் பூங்காவை ஒட்டிய வில்லா ஆட்டோட்ரோமோ என்னும் குடியிருப்பில் வாழ்ந்த நூற்றுக்கணக்கான குடும்பங்களுள், நெடிய போராட்டத்துக்குப் பின் இருபது குடும்பங்கள் அளவுக்கே அங்கே தொடர்ந்து வாழ முடிந்தது.

செலவு ஏன் மீறுகிறது?

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பென்ட் ஃப்ளைவ்பியர்க்கும் அவருடைய சகாக்களும் 1960 முதலான ஒலிம்பிக் போட்டிகளை ஒப்பிட்டு ஆராய்ந்து, ஆய்வுக்குக் கிடைத்த எந்தப் போட்டியும் முதல் மதிப்பீட்டுக்குள் அடங்கவில்லை என்றும், சராசரிச் செலவு மதிப்பீட்டைப் போல இரு மடங்குக்கும் மேல் என்றும் கண்டனர். அணை, சாலை, ரயில் போன்ற பிற பெருந்திட்டங்களிலும் செலவு மீறுவதுண்டு; ஆனால் விளையாட்டு விழாக்களில் விதிவிலக்கே இல்லை என்பதுதான் கவனத்துக்குரியது.

இதற்கு மூன்று காரணங்கள் ஒன்றோடொன்று பின்னிச் செயல்படுகின்றன. முதலாவது, தேதி அசையாமை. ஒரு பாலம் தாமதமானால் திறப்பு விழாவைத் தள்ளிவைக்கலாம். உலகின் முன் அறிவிக்கப்பட்ட தொடக்க நாளை அவ்வாறு எளிதில் தள்ளிவைக்க இயலாது. காலமும் தரமும் இறுகிவிட்டால் நெகிழக்கூடியது பணம் ஒன்றே. இரண்டாவது, நட்டத்தை ஏற்கும் உறுதிமொழி. விழாவின் உரிமையாளரான பன்னாட்டு அமைப்பு தொலைக்காட்சி உரிமத்திலும் விளம்பர ஆதரவிலும் பங்கு பெறுகிறது; கட்டுமானச் செலவு மிகுந்தால் அதை ஈடுசெய்யும் பொறுப்பு நகரத்தின் மீதும் அதன் பின்னுள்ள அரசின் மீதும் சாய்கிறது. மூன்றாவது, பொருளியலாளர் வென்றவரின் சாபம் என்றழைக்கும் நிலை: பல நகரங்கள் ஒரே உரிமைக்காக மோதும்போது, பயனை மிகையாகவும் செலவைக் குறைவாகவும் மதிப்பிடும் நகரமே வெல்லும், எனவே வெற்றியே மதிப்பீட்டின் பிழைக்குச் சான்றாகிவிடுகிறது. ஆண்ட்ரூ ஜிம்பாலிஸ்ட் போன்ற பொருளியலாளர்கள் இப்போட்டி அமைப்பையே மாற்ற வேண்டும் என வாதிடுவது இதனால்தான்.

பயன் பற்றிய கணக்குகளிலும் எச்சரிக்கை தேவை. வந்த சுற்றுலாப் பயணிகளை எண்ணும் கணக்கு, நெரிசலுக்கும் விலையேற்றத்துக்கும் அஞ்சி வராமல்போனவர்களைக் கழிப்பதில்லை. உருவான வேலைகளை எண்ணும் கணக்கு, அதே பணம் பள்ளிக்கோ மருத்துவமனைக்கோ சென்றிருந்தால் உருவாகியிருக்கும் வேலைகளோடு ஒப்பிடுவதில்லை. ஒன்றைத் தேர்ந்ததால் கைவிடப்பட்ட மற்றொன்றின் மதிப்பையே பொருளியல் வாய்ப்புச் செலவு என்கிறது. தில்லியில் இது வெறும் கோட்பாடாக நிற்கவில்லை. பட்டியல் சாதியினரின் நலனுக்கென ஒதுக்கப்பட்ட துணைத் திட்ட நிதியில் 600 கோடி ரூபாய்க்கும் மேல் காமன்வெல்த் பணிகளுக்குத் திருப்பிவிடப்பட்டது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே வெளிவந்தது. அவ்வாறு திருப்பியது தவறே என்று அன்றைய உள்துறை அமைச்சர் ப. சிதம்பரம் 2010 ஆகஸ்டில் மாநிலங்களவையில் ஒப்புக்கொண்டார். விழாவின் விலையை யார் கொடுத்தனர் என்ற வினாவுக்கு இதைவிடத் தெளிவான விடை தேவையில்லை.

நகரத்தில் யாருக்கு இடம்?

செலவைப் பற்றிய விவாதம் நாளிதழ்களை நிறைக்கும்போது, இடப்பெயர்வு பற்றிய விவாதம் பெரும்பாலும் பின்தங்கிவிடுகிறது. 1988 ஒலிம்பிக்கிற்காகச் சியோலில் ஏறத்தாழ ஏழு லட்சத்து இருபதாயிரம் பேர் வீடிழந்தனர் என்று ஜெனீவாவிலிருந்து இயங்கிய வீட்டுரிமை அமைப்பொன்று 2007-இல் கணக்கிட்டது. தில்லியில் 2004 முதல் குறைந்தது இரண்டு லட்சம் பேர் காமன்வெல்த் போட்டிகளின் தொடர்பில் வெளியேற்றப்பட்டனர் என்று வீடு, நில உரிமைகளுக்கான கூட்டமைப்பு 2011-இல் மதிப்பிட்டது. இத்தகைய மதிப்பீடுகளில் எந்த வெளியேற்றம் போட்டியால் நேர்ந்தது, எது எவ்வாறாயினும் நேர்ந்திருக்கும் என்று பிரிப்பது எளிதன்று. ஆயினும் அந்தப் பிரிவினையின் கடினமே ஓர் உண்மையை உணர்த்துகிறது. குடிசைகளை அகற்றும் விருப்பம் நகர ஆட்சியில் முன்பே இருந்தது. போட்டி அதற்கு நாட்டின் மானம் என்ற மறுக்க இயலாத காரணத்தை வழங்கியது. எஞ்சிய குடியிருப்புகள் வெளிநாட்டார் கண்ணில் படாதிருக்கச் சாலையோரத் தட்டிகளால் மறைக்கப்பட்டன. தெருவோர வணிகர்கள் அகற்றப்பட்டனர். இரந்து வாழ்வோரை உடனுக்குடன் விசாரித்து அடைத்துவைக்க நடமாடும் நீதிமன்றங்கள் இயங்கின.

தொழிலாளர் நிலையிலும் வரலாறு திரும்பியது. 1982-இல் உச்ச நீதிமன்றத்தை அணுகிய அதே ஜனநாயக உரிமைகளுக்கான மக்கள் ஒன்றியம், 2010-இல் தில்லி உயர் நீதிமன்றத்தை அணுக வேண்டியிருந்தது. அந்நீதிமன்றம் நியமித்த குழு, குறைந்தபட்சக் கூலி மறுக்கப்படுவதையும், பாதுகாப்புக் கருவிகளும் தங்குமிடமும் போதாமையையும், கட்டுமானத் தொழிலாளர் நலச் சட்டத்தின்கீழ் வாரியம் இருந்தும் பெரும்பாலானோர் அதில் பதிவு செய்யப்படாததையும் கண்டறிந்தது. இருபத்தெட்டு ஆண்டுகளில் தீர்ப்பு மாறவில்லை, சட்டங்கள் பெருகின, அரசின் செல்வமும் பெருகியது. கட்டுவோரின் நிலை மட்டும் ஏறத்தாழ அங்கேயே நின்றது. காலக்கெடு நெருங்கும்போது முதலில் விட்டுக்கொடுக்கப்படுவது எளியவரின் உரிமையே என்பதற்கு இதைவிட வலுவான சான்று வேண்டுவதில்லை.

மாறும் விதிகளும் வரவிருக்கும் விழாவும்

நகரங்களின் தயக்கம் பன்னாட்டு அமைப்புகளையும் மாறச் செய்திருக்கிறது. 2024 ஒலிம்பிக்கிற்கான முயற்சியிலிருந்து பாஸ்டன், ஹாம்பர்க், ரோம், புடாபெஸ்ட் ஆகியவை விலகிக்கொண்டன. ஹாம்பர்க் விலகியது மக்கள் வாக்கெடுப்பின் முடிவால். எஞ்சிய பாரிஸுக்கும் லாஸ் ஏஞ்சலஸுக்கும் 2024, 2028 போட்டிகள் 2017-இல் ஒரே வேளையில் பகிர்ந்தளிக்கப்பட்டன. இருக்கும் அரங்குகளையும் தற்காலிக அரங்குகளையும் பயன்படுத்த ஊக்குவிக்கும் நெறிகளைப் பன்னாட்டு ஒலிம்பிக் குழு 2014 முதல் வகுத்துவருகிறது. பாரிஸ் ஏறத்தாழ முழுவதும் அவ்வாறே நடத்தியது. காமன்வெல்த் அமைப்பின் நிலை இன்னும் நெருக்கடியானது. 2022 போட்டிகளை டர்பன் இழந்தது. 2026 போட்டிகளிலிருந்து ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் செலவைக் காரணம் காட்டி 2023 ஜூலையில் விலகியது. கிளாஸ்கோ பத்து ஆட்டங்களோடு சுருக்கி நடத்த ஒப்புக்கொண்டது.

இச்சூழலில்தான் 2030 நூற்றாண்டு காமன்வெல்த் போட்டிகளை நடத்தும் உரிமை 2025 நவம்பரில் அகமதாபாத்துக்கு வழங்கப்பட்டது. 2036 ஒலிம்பிக்கை நடத்தும் விருப்பத்தையும் இந்தியா தெரிவித்திருக்கிறது. நடத்த முன்வருவோர் குறைந்துவிட்ட காலத்தில் முன்வரும் நாட்டுக்கு, 1984-இல் லாஸ் ஏஞ்சலஸுக்கு இருந்தது போன்ற பேரம் பேசும் வலிமை உண்டு. அவ்வலிமையை மேலும் பெரிய அரங்குகளுக்காகச் செலவிடுவதா, நகர மக்களுக்குச் சாதகமான விதிகளுக்காகச் செலவிடுவதா என்பதே இப்போதுள்ள தெரிவு.

தில்லியின் மூன்று விழாக்களும் அதற்கான நிபந்தனைகளைத் தெளிவாகவே வகுத்துத் தருகின்றன. ஒவ்வோர் அரங்குக்கும் போட்டிக்குப் பிந்தைய பயனாளர் யார், பராமரிப்புச் செலவு யாருடையது என்பது அடிக்கல் நாட்டும் முன்பே ஒப்பந்தமாக வேண்டும். முழு மதிப்பீடும் அதன் ஒவ்வொரு திருத்தமும் காரணத்தோடு வெளியிடப்பட வேண்டும். தணிக்கை போட்டி முடிந்தபின் வருவதாக அல்லாமல் பணியோடு கூடவே நடைபெற வேண்டும். மாற்று வீடு கட்டி முடித்துக் கையளிக்கும்வரை எந்தக் குடியிருப்பும் இடிக்கப்படலாகாது. விளையாட்டுக் கிராமத்தின் வீடுகளில் ஒரு பங்கு குறைந்த வருவாயினருக்கெனச் சட்டப்படி ஒதுக்கப்பட வேண்டும். தொழிலாளர் ஒவ்வொருவரையும் நல வாரியத்தில் பதிவு செய்து கூலியை நேரடியாக வங்கிக் கணக்கில் செலுத்தாத ஒப்பந்ததாரருக்குப் பணம் வழங்கலாகாது. இவற்றுள் எதுவும் புதிய கண்டுபிடிப்பு அன்று. நீதிமன்றத் தீர்ப்புகளும் தணிக்கை அறிக்கையும் குழு அறிக்கைகளும் சுட்டிய குறைகளிலிருந்தே இவை பிறக்கின்றன.

விளையாட்டு விழா மனித ஆற்றலைக் கொண்டாடும் உயர்ந்த நிகழ்வு என்பதிலும், நீச்சல் குளத்திலும் ஓடுதளத்திலும் ஒரு தலைமுறைக்கு ஊக்கம் பிறக்கிறது என்பதிலும் ஐயமில்லை. அக்கொண்டாட்டத்தைக் கைவிடுவது தீர்வாகாது. ஆனால் பன்னிரண்டு நாள்களின் பெருமைக்காகப் பல்லாண்டு வாழ்வை இழக்குமாறு எவரையும் கேட்கும் உரிமை எந்த நகரத்துக்கும் இல்லை. ஒரு விழா வெற்றி பெற்றதா என்பதைத் தொடக்க விழாவின் வண்ணத்தாலோ பதக்கப் பட்டியலாலோ அளப்பது போதாது. அரங்கைக் கட்டியவர் முழுக்கூலி பெற்றாரா, அரங்கின் அருகே வாழ்ந்தவர் அங்கேயே வாழ்கிறாரா, அரங்கின் கதவு அந்நகரத்துக் குழந்தைகளுக்குத் திறந்திருக்கிறதா என்ற மூன்று வினாக்களாலேயே அதை அளக்க வேண்டும். உரிமை கோரும் நாளன்றே இவற்றுக்கு எழுத்தில் விடையளிக்க இயலாத நகரம், அவ்விழாவை நடத்துவதற்கு இன்னும் ஆயத்தமாகவில்லை.